நான்கு முதுகுகளில் சுதனின் பெயர்

சனிக்கிழமை, இரவு.

சுதனின் பெயரை அவர்களுக்குக் கொடுத்தது யார்?

இன்று எங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கம் அகதிகளுக்காகப் பன்னிரண்டு மணிநேர நடன மாரத்தான் நடத்தியது. ஆடுகிற ஒவ்வொருவரும் தான் யாருக்காக ஆடுகிறாரோ அவர் பெயரை முதுகில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சுதனை நான்தான் கூட்டிப்போனேன். வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்து எட்டு மாதம். விசா வழக்கு முடியவில்லை. அவனுக்கு ஆடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது மணிநேரத்தில் அவன் ஆடுவதை நிறுத்தினான். முன்னால் ஆடிய நான்கு பேரின் முதுகிலும் அவனுடைய முழுப் பெயர். எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது இணையத்தில் போனால் ஊரில் ராணுவத்தினர் அவன் அம்மாவைத்தான் போய் விசாரிப்பார்கள்.

சங்கத் தலைவி அபிராமியிடம் போனேன்.

"ஆரைக் கேட்டுப் பேர் போட்டனீங்கள்?"

"ஏன் கத்துறாய்? லிஸ்டில இருந்தது, போட்டம்."

"லிஸ்ட் ஆர் தந்தது?"

"ஞாபகம் இல்லை. அவருக்கு நல்லதுதானே?"

சிரித்தாள். பொய். இங்கேயே பிறந்தவள். அவளுக்கு விசா என்றால் விடுமுறைக்குப் போக எடுப்பது.

ரயிலில் சுதன் கேட்டான்: "மச்சான், அங்க என்ர முழுப் பேர் தெரிஞ்சவன் நீ மட்டும்தானே?"

"விசர்க்கதை கதையாதை," என்றேன்.

பிளாக்டவுன் நிலையத்தில் இறங்கிப் போனான்.

போன மாதச் சங்கக் கூட்டத்தில் அவன் கதையை நான் சொன்னது உண்மை. கைதட்டினார்கள். பெயரைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.