சுண்ணாம்பு நனைந்த பழி

என் உயிரான மாப்ளே சுலைமான்,

நீ கண் மூடி எட்டு மாதமாகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிறுமலைப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது அறை கட்டப் போகிறார்கள். அந்த வேலையைக் கேட்டு உன் தம்பி காதர் பள்ளிக் கமிட்டிக்குப் போனான். "சுண்ணாம்பை மழையில விட்ட குடும்பம்ல நீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

முதல் அறையை நாம் இருவரும் காண்ட்ராக்ட் எடுத்தபோது, மழை இருக்காது என்று தை மாதத்துக்கு நாள் குறித்த புத்திசாலி நான்தானே? அடிவாரத்தில் சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கிவிட்டுப் பார்த்தால், மேலே சுமந்து போக ஒரு குதிரை இல்லை. "தைப்பூசம் வருதுல்ல? பழனி பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழை எறங்குது. குதிரைக்கு எங்கிட்டுப் போக?" என்றார் குதிரைக்காரர். திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை பார்.

நீ மலையேறி, மேலே இருக்கும் குதிரைக்காரர்களிடம் பேசிப் பார்க்கக் கிளம்பினாய். "மாமா, தார்ப்பாய் வாங்கி மூடிரு" என்றாய். "தை மாசத்துல என்னடா மழை?" என்றேன். அன்று சாயங்காலமே கொட்டியது. தண்ணீர் பட்ட சுண்ணாம்பு கொதித்து, மூட்டைகள் புகைந்து வெடித்தன. நீயோ, பழத்தை இறக்கிவிட்டு வெறும் முதுகோடு மலையேறும் குதிரைகளைப் பேசி முடித்து, சிரித்துக்கொண்டே வந்தாய். கமிட்டிக்காரர்கள் கேட்டபோது, "சுலைமான் பொறுப்புல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். அப்புறம் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாய். ஏன் மாப்ளே?

இப்போது வடமதுரைப் பக்கம் ஒரு பாலம் கட்டுகிறேன். வண்டிக்காரர், கொத்தனார், சித்தாள் எல்லாரையும் கேட்காமல் நாள் குறிப்பதில்லை. "கல்யாணமா பண்றாக, இம்புட்டுப் பேரைக் கேக்குறாக?" என்று சிரிக்கிறார்கள். சாமான் இறங்குமுன் தார்ப்பாய் வந்துவிடும். எல்லாவற்றையும் திருத்திக்கொண்டேன், உன் மேல் போட்ட பழியைத் தவிர.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறையான பாத்திமாவிடம் எல்லாம் சொல்லி அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "தெரியும்ண்ணே. அவுக கடைசி நேரத்துலகூடச் சொன்னாக. மாமா ஒருநா தானா வந்து சொல்லுவாக, அதுவரைக்கும் நீயா கேட்டுராதன்னு."

வருகிற திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. மூடாமல் விட்டவன் நான்தான் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வேன். எனக்கு இனி வேலை தராவிட்டாலும் சரி. உன் நல்ல பேரை உன் தம்பி கையில் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவேன்.

கடைசிவரை நீ மாமா என்றே கூப்பிட்ட,
உன் சின்னச்சாமி