சுடாத கை

ஜெலுத்தோங், பினாங்கு
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகன் ஹைதருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மெல்போர்னில் நீயும் ஹன்னாவும் இறைவன் காவலில் சுகமாக இருக்க வேண்டும், ஐந்து வேளையும் நான் கேட்பது அதைத்தான். இங்கே அம்மா சுகம். என் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கிறவன், பக்கத்தில் உன் பெண்டாட்டி இருப்பாள், இதை முதலில் நீ மட்டும் படிக்க வேண்டும். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் நீ சமைக்கும் ஹோட்டல் விலாசத்துக்கு அனுப்புகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ ஒரு தோல் டாக்டரிடம் போய் உன் இரண்டு கையையும் காட்ட வேண்டும். ஏன் என்பதை முழுசாகப் படி, பாதியில் மடித்து பாக்கெட்டில் வைத்துவிடாதே.

எனக்கு வந்திருப்பது குஷ்டம். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு இந்தத் தாளில்தான் அந்தச் சொல்லை எழுத முடிந்தது. நாசி கண்டார் சோற்றுக் கடையில் என் கையை எல்லாரும் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும், கொதிக்கிற குழம்புச் சட்டியைத் துணியில்லாமல் இறக்குவேன், எண்ணெயில் இருக்கிற கோழியை விரலாலேயே புரட்டுவேன், வாடிக்கைக்காரர்கள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள், முதலாளி இஸ்மாயில் அண்ணன் “மொய்தீன் கை கை இல்லலா, இரும்பு” என்பார், நானும் பெருமையில் இன்னொரு சட்டியை இறக்கிக் காட்டுவேன். முட்டாள், முட்டாள். நரம்பு செத்துக்கொண்டிருந்ததை வரம் என்று நினைத்துக் கூத்தாடியிருக்கிறேன். முழங்கைக்குக் கீழே வெளுத்துக் கிடந்ததே, அதை நீ இங்கே இருந்தபோதே தேமல் என்றோம். மருந்துக்கடைக் களிம்பு பூசினேன், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்ற எண்ணெய் தடவினேன், ஒரு கிளினிக்கில் பங்கஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள், யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கறிக்குப் போடுகிற லெங்குவாஸ் கிழங்கைக்கூட வெட்டி உரசினேன். மற்ற இடத்தில் பட்டால் அப்படி எரியும், அந்த வெள்ளையில் மட்டும் எரியவில்லை, பார்த்தாயா மருந்து ஒத்துப்போகிறது என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

போன மாதம் அடுப்பங்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன், ஏதோ கருகுகிறதே, யார்டா இறைச்சியைக் கவனிக்காமல் விட்டது என்று சத்தம் போட்டேன். திரும்பிப் பார்த்தால் சூடான ரொட்டிக் கல்லின் மேல் ஊன்றியிருந்தது என் கைதான். ஆஸ்பத்திரியில் நோர்மா என்ற டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்தாள், உன் வயதுதான் இருக்கும், செத்த தோலை வெட்டி எடுக்கிறாள், நான் பாட்டுக்கு மீன்தலைக் கறிக்கு எந்தப் புளி நல்லது என்று கதை அளக்கிறேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு பட்டால் சொல்லுங்கள் பாக்சிக் என்று மாமா முறை வைத்துச் சொன்னாள். நானும் காத்திருந்தேன், காத்திருந்தேன், எப்போது தொடுவீர்கள் டாக்டர் என்று கேட்டேன். நான்கு தடவை தொட்டுவிட்டேன் என்றாள்.

இது பாவத்தால் வருவதில்லை, பரம்பரை ரத்தத்தில் வருவதும் இல்லை, ஒரு கிருமி, அவ்வளவுதான் என்று அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். மருந்து எடுக்காதவரோடு வருஷக்கணக்காக ஒரே கூரையின் கீழ் நெருங்கி இருந்தால் மூச்சு வழியாகப் பரவுமாம், தொட்டவுடன் ஒட்டிக்கொள்வது இல்லையாம், நிறையப் பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடுமாம், வந்தாலும் வெளியே தெரிய ஐந்து வருஷமோ அதற்கு மேலோ ஆகலாமாம். மருந்து இலவசம், ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும், தொடங்கின கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவாது. முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போய் ரத்தம் என்று அலறிவிட்டேன், அது மருந்தின் நிறமாம். நோய் தீர்ந்துவிடும் என்றாள். கை பழையபடி வருமா என்று கேட்டதற்கு மட்டும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, சீக்கிரமே வந்திருக்கலாம் பாக்சிக் என்றாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிவிட்டன. அம்மாவைச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. நான் தட்டையும் கோப்பையையும் தனியாக எடுத்து வைத்தேன், அவள் என் தட்டிலேயே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இனிமே இந்தக் கூத்தெல்லாம் என்கிட்ட வேணாம் என்றாள். கடையில் இனிப்புநீர் வியாதி என்று பொய் சொல்லியிருக்கிறேன், இஸ்மாயில் அண்ணன் தினமும் சீனியில்லாத கோப்பி கட்டி அனுப்புகிறார், அந்தக் கசப்பைக் குடித்துத் தொலைக்கிறேன்.

இனிமேல் எழுதப் போவதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். நர்ஸ் நிரப்ப வேண்டிய பாரத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தில் கூட இருந்தவர்கள் யார், பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரே மகனை, இல்லை என்று சொன்னேன் ஹைதர். உன் விசாவில் கை வைப்பார்களோ, ஹோட்டலில் அடுப்புப் பக்கம் விடமாட்டார்களோ, ஹன்னாவின் வீட்டார் என்ன சொல்வார்களோ என்று ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது, வாய் முந்திக்கொண்டது. ஏர்கோன் போட்ட ஒரே அறையில் மூன்று பேரும் எத்தனை வருஷம் படுத்தோம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன், இரண்டு பஸ் போய்விட்டது. நான் இப்படிச் சொன்னது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

போன பெருநாளுக்கு நீ அனுப்பின வீடியோவில் அடுப்பிலிருந்து தட்டை வெறுங்கையால் எடுத்து, “அத்தா பாருங்க” என்று சிரிக்கிறாய். அதைக் கடை முழுக்கக் காட்டி, என் மகனுக்கு என் கை வந்திருக்கு என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இப்போது அதையே போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், எங்கேயாவது உன் முகம் சுளிக்கிறதா என்று. நீ சிரித்துக்கொண்டே இருக்கிறாய். சமையல்காரன் கை காய்த்துப் போயிருக்கலாம், தட்டு ஆறியிருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியும்? உன் கையைப் பிடித்துப் பார்க்கலாம் என்றாலும் என் விரலுக்கு எதுவும் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்லிவிடுவேன், நர்ஸ் திட்டினால் திட்டட்டும். நீ டாக்டரிடம் என் நோயின் பெயரை மறைக்காமல் சொல், நான் செய்ததைச் செய்யாதே. ஹன்னாவிடமும் நீயே சொல், அவளும் காட்டிக்கொள்வது நல்லது. வீட்டில் சுடுதண்ணீர் வைத்துச் சோதித்துப் பார்க்காதே, பஞ்சால் தொட்டாலே போதும். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். பெற்ற பிள்ளைக்கு வலிக்க வேண்டும் என்று எந்த அத்தாவும் துஆ கேட்டிருக்க மாட்டான். நான் தொழுகைப் பாயில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அத்தா,
காஜா மொய்தீன்