பாணா, பயலா?

மச்சான்,

நேற்றுச் சாயங்காலம் பாண் ஆட்டோ வந்தது. பாண் ரொட்டியும் பனிசும் ஏற்றிக்கொண்டு, பல்வலி வந்த குருவி மாதிரி அதே பாட்டைப் பாடிக்கொண்டு, முக்கி முனகி நம் தோட்டத்து லயத்துக்கு ஏறி வந்தது. வரிசையாக எல்லாக் கதவும் திறந்தன. உன் வீட்டுக் கதவும் திறந்தது. உங்கம்மா வந்தார், பாண் வாங்கினார், உள்ளே போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ போன நாளிலிருந்து கேட்பதே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆட்டோவின் ஸ்பீக்கரைப் பிடுங்கி ஓடையில் வீசியிருப்பேன். பாண்காரர் பாவமே என்று விட்டேன். கையைப் பைக்குள் விட்டு நம் கீ டேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நல்லதண்ணியில் யாத்திரை சீசன் கடையில் அதை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? மற்றவர்கள் மலையேறிச் சாமி கும்பிட வந்தார்கள். நாம் கடை கடையாக நம்மாளைத் தேட வந்தோம். கடலுக்கு அந்தப் பக்கம் பாடுகிற மனுஷன், இந்தப் பக்கம் இரண்டு பயல்கள் தன் முகம் போட்ட சீப்பு வாங்கியது அவருக்குத் தெரியவா போகிறது? "சீப்பு ரொம்ப சீப்புடா" என்றேன். தலை வாரிய முதல் நாளே நம்மாளுக்குப் பல் கொட்டியது. விசிறி வாங்கினோம், சுற்றினால் முகம் காணாமல் போனது. ஸ்டிக்கர்கள் மட்டும் புதுசு கலையாமல் இருந்தன. நீ ஒன்றைக்கூட உரிக்க விட்டதில்லை. "உரிச்சா செத்துரும்டா. உரிக்காம வச்சாத்தான் அதுக்கு உசுரு" என்பாய். எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போகும். மழைக்கு உன் வீடு ஒழுகும் என்பதால் டின் என் வீட்டில் இருந்தது.

அந்தக் கீ டேக்கில் நம்மாளின் முகம், முதுகில் ஒரு பட்டன். "சிந்து கியனவா, மல்லி" என்றார் கடைக்காரர். பாட்டுப் பாடும் தம்பி, என்று சிங்களத்தில் சத்தியம் செய்யாத குறை. அமுக்கினோம். பாடியது. பாண் ஆட்டோ பாட்டு! நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். அதற்கு முந்திய வாரம்தான் பாணர் என்றால் யார் என்று தமிழ் டீச்சர் கேட்க, "பாண் விக்கிறவங்க டீச்சர்" என்று சொல்லி முட்டி போட்டிருந்தாய். "பாத்தியா, நான் சொன்னது சரிதான்! நம்மாளு பாடகர் இல்லடா, பாணரு!" என்று கத்தினாய்.

அதன் பிறகு லயத்துக்கு நிம்மதி ஏது? தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்து, காலி டின்னுக்குள் கீ டேக்கை வைத்து அமுக்குவோம். பை தூக்கிக்கொண்டு லயமே ஓடி வரும். கொஞ்ச நாளில் எல்லாரும் உஷார். உங்கம்மா மட்டும் அடுப்படியை விட்டு நகராமல் குரல் கொடுப்பார்: "பாணா, பயலா?"

பாண் என்றால் காசு வரும். "பயல், அத்தை!" என்றால் விறகுக்கட்டை வரும். குறி ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த மழை நாளில் உனக்கு மூச்சிழுப்பு வந்தது. அம்புலன்சுக்குப் பேசினோம். வருகிறது, வருகிறது என்றார்கள். நம் ரோட்டில் எது வரும்? தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறிதான் நின்றது. ஏற்றலாம் என்று டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கையைக் காட்டித் தடுத்தார்: "மொதல்ல கொழுந்த எறக்கிட்டு வாய்யா, வாடிரும்."

கொழுந்து வாடிவிடுமாம், மச்சான். ஃபேக்டரிக்குப் போனதும் அதை வாட்டுவதுதானே முதல் வேலை! வாட்டப்போகிற கொழுந்து வாடிவிடும் என்று போன லொறி திரும்பி வந்தபோது, உங்கம்மா உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நீ இல்லை.

அதற்குப் பிறகு பெரட்டுக் களத்தில் ஒரு பேனர் முளைத்தது. கண்ணீர் அஞ்சலி. காலையில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடம், யார் கண்ணிலும் படாமல் போகாது. தேர்தலுக்குத் தேர்தல் ரோடு போட்டுத் தருகிற பெரியவர் அதில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கைகூப்பி நின்றார். நீ? மூலையில், சீப்பிலிருந்த நம்மாளைவிடச் சின்னதாக. யாருக்கு அஞ்சலி என்றே தெரியவில்லை. இதோடு ஒப்பிட்டால் நாம் வாங்கிய மட்டமான சாமான் எல்லாம் தங்கம்.

உங்கம்மா நேற்றும் கேட்காமல் உள்ளே போனார் என்றேனே, அதோடு என் பொறுமை முடிந்தது. இன்று காலை பனி விலகுமுன் டின்னோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஸ்டிக்கர்களை உரித்தேன். ஆமாம், எல்லாவற்றையும். திட்டு, திட்டிக்கொள். உரிக்காமல் வைத்து யாருக்கு உசுரு நின்றது? பெரியவரின் முகம் முழுக்க நம்மாளை ஒட்டினேன். உன்னை மட்டும் தொடவில்லை. பார்த்தால், அந்தக் கும்பிட்ட கை முதல் தடவையாக உனக்குக் கும்பிடு போடுவது போல் இருந்தது.

பெரட்டுக்கு ஆட்கள் கூடினார்கள். தோட்டக் கமிட்டித் தலைவர் குதித்தார்.

"எவன்டா இது? பெரியவரு மூஞ்சில ஸ்டிக்கரு ஒட்டுனது எவன்? கைய முறிக்கிறேன் பாரு!"

"மூஞ்சி முன்னக்கி இப்ப லட்சணமாத்தான் இருக்கு" என்று கூட்டத்தில் ஒரு அக்கா முணுமுணுத்தார். சிரிப்பு கிளம்பி, சட்டென்று அடங்கியது. உங்கம்மா வந்துகொண்டிருந்தார்.

பேனரைப் பார்த்தார். மூலையிலிருந்த உன்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு பசை ஒட்டிய என் விரல்களைப் பார்த்தார்.

"பாணா, பயலா?"

"பயல், அத்தை."

அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "பய செஞ்சதுங்க. அப்படியே இருக்கட்டும்."

"என்னம்மா பேசுறீங்க? பெரியவரு வந்து பாத்தா என்ன நெனைப்பாரு?"

"வரட்டுமே. லொறி வர்ற வரைக்கும் நான் ஒக்காந்திருந்தேன்ல? அவரு வர்ற வரைக்கும் இது இருக்கட்டும்."

யாரும் பேனரைத் தொடவில்லை. நான் விறகுக்கட்டைக்குத் தயாராகக் குனிந்து நின்றேன். வரவில்லை. அவர் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்கு நடந்துவிட்டார்.

என் கோபம் ஆறவில்லை, மச்சான். அந்தக் கண்டாக்கு மீது, ரோட்டின் மீது, டின்னை என் தலையில் கட்டிவிட்டுப் போன உன் மீதும்தான். டின் இப்போது காலி. அதனால் என்ன, காலி டின்னில்தான் சத்தம் நன்றாக வரும். பேட்டரி இறங்கி நம் பாணர் பாதிப் பாட்டில் திக்குகிறார், ஆனாலும் பாடுகிறார். இன்று சாயங்காலம் ஆட்டோ வருமுன்னே தாங்கிக்குப் பின்னால் நிற்பேன். நாளைக்கும் நிற்பேன். உங்கம்மா அடுப்படியிலிருந்து விறகுக்கட்டை எறிகிறவரை அமுக்குவேன்.