பின் அச்சில் ஒரு முனகல்

மார்ச் 4
வண்டி மறுபடி முனகுகிறது. அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய மோட்டார் ஹோம். அண்ணனிடம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேகம் நாற்பதைத் தாண்டினால் பின்பக்கம் ஊளை. டிஃபரன்ஷியலில்தான் கோளாறு என்கிறார் வீட்டுக்காரர். பின் சக்கரங்களுக்கு நடுவில் உருண்டையாகத் தொங்குமே, அந்தப் பெட்டி. எங்கள் வீட்டு ஆட்கள் எதைக் கொடுத்தாலும் உங்களுக்குக் குறைதான் என்று கத்திவிட்டேன். பள்ளி லீவு விட்டதும் மகளை மலைக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அதைக் கெடுக்கப் பார்க்கிறார்.

மார்ச் 6
டயர் மாற்றியாயிற்று. ஊளை போகவில்லை.

மார்ச் 9
நானே ஓட்டிப் பார்த்தேன். வளைவில் திருப்பினாலும் சத்தம் மாறவில்லை. ஆக, கோளாறு சக்கர பேரிங்கில் இல்லையாம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் அடங்குகிறது. அப்படியென்றால் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்தான் தேய்ந்திருக்கும் என்கிறார் இவர். அண்ணனுக்குப் போன் செய்தேன். பழைய வண்டி என்றால் அப்படித்தான், பாட்டைச் சத்தமாக வைத்துக்கொள் என்றான். நானும் சிரித்தேன். சிரித்தேனே!

மார்ச் 12
சீ.

பட்டறையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார் மெக்கானிக். பிறகு மூடியைக் கழற்றினார். எண்ணெயா வந்தது? கருகல் நாற்றத்தோடு கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று. விரலில் தேய்த்துக் காட்டினார் — மினுக்கும் இரும்புப் பொடி, கூடவே ஊறிய மரத்தூள்.

"சத்தம் கேக்காம இருக்க யாரோ போட்டிருக்காங்கம்மா. விக்கிறதுக்கு முன்னாடி பண்ற வேலை. அதுவே எண்ணெய் போற வழிய அடச்சு பேரிங்கத் தின்னுடுச்சு."

மலை இறக்கத்தில் பேரிங் இறுகியிருந்தால் பின்சக்கரம் அப்படியே நின்றிருக்குமாம். மகளின் இருக்கை அந்தப் பெட்டிக்கு நேர் மேலே. இவர் 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 13
அண்ணனிடமே கேட்டுவிட்டேன். அவன் மறுக்கக்கூட இல்லை.

"வெளியாளுக்கு விக்கத்தான் போட்டேன். நீ வந்து கேப்பேன்னு எனக்கென்ன தெரியும்?"

நான் கேட்டபோதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே?

"சொன்னா வாங்கியிருப்பியா?"

வெளியாளின் பிள்ளை என்றால் பரவாயில்லையா? — கூடப் பிறந்தவன் என்று சொல்ல வாய் கூசுகிறது. இவனுக்காகவா நான் வீட்டில் அந்தக் கத்து கத்தினேன்?

மார்ச் 21
புது பேரிங் போட்டாயிற்று. பல்சக்கரம் தப்பித்தது. வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஏப்ரல் 2
நாளைக் காலை கிளம்புகிறோம். அண்ணன் போன் செய்தான். வண்டிதான் சரியாகிவிட்டதே, பழசை மனதில் வைத்துக்கொள்ளாதே, நானும் உன் அண்ணியும் கூட வருகிறோம் என்றான்.

"இடமில்லண்ணே."

ஆறு பேர் படுக்கிற வண்டி என்பது விற்றவனுக்குத் தெரியாதா? நாங்கள் மூன்று பேர்.