கொய்யாக் கன்றோடு வந்த புழு

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

வேளாண் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் என் மகள் செல்வி இன்று வந்தாள். எங்கள் கொய்யா, மேல்காட்டு முருகன் மச்சானின் கொய்யா, நான் கன்று வாங்கிய அடிவார நர்சரி, மூன்று இடத்து வேரையும் போன மாதம் எடுத்துப் போயிருந்தாள். மூன்றிலும் வேர்முடிச்சு, உள்ளே நூற்புழு.

எட்டாவது படித்த எனக்குப் புரியும்படி சொன்னாள். "மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அம்மா வழியா மட்டுந்தான் வரும்பா. மூணு எடத்துப் புழுவும் ஒரே தாய்வழி. மலையில மத்தவங்க காட்டுல எடுத்துப் பாத்த புழு வேற. நர்சரி கன்னோடதான் வந்திருக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்று வாங்கி வந்தவன் நான். மிஞ்சிய நான்கை மச்சானுக்குச் சும்மா கொடுத்தவனும் நான். பிறகு, அவன் காட்டுத் தண்ணீரில்தான் நோய் இறங்கி வந்தது என்று ஊர் நடுவில் கத்திவிட்டு, ஆறு மாதமாகப் பேசாமல் இருப்பவனும் நானேதான். மூன்று வேலையையும் ஒரே ஆளாகப் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலமே மேல்காட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா மச்சான் இது! நீ பேசாதப்பகூட, சும்மா கன்னு குடுத்த மனுசன்னு ஊர்ல சொல்லினு இருந்தேனே."

"தப்புதான் மச்சான். உன் நாலு கன்னையும் நானே வந்து புடுங்கிக் கொளுத்துறேன்."

"மொதல்ல உன்னுதப் புடுங்குவோம், அத நான் பாக்கணும். காலைல மம்புட்டி எடுத்துனு வர்றேன். டீ போட்டு வை."

என் காட்டில் நாற்பது கன்று. நாளை அத்தனையும் தீயில். ஆனாலும் இன்று தூக்கம் வருகிறது.