பின்சீட்டுக்கு ஏத்த வண்டி

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை எட்டுக்கே வெய்யில். சித்தூர்ல ஏறின பஸ், பாகாலா தாண்டினதும் டயர் போச்சு. மாத்து பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல. மலை அடிவாரத்துல அலிபிரி பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தப்போ பதினொண்ணு நாப்பது.

கேட் பக்கத்துல கலாவும் பாப்பாவும். கலா முகத்துல கோபம்கூட இல்ல. "குழந்தைய இவ்ளோ நேரம் வெய்யில்ல நிக்க வெச்சிட்டீங்க. அஞ்சுக்கு வரேன்." அவ்ளோதான். ஆட்டோ ஏறிப் போயிட்டா.

டைவர்ஸ் ஆனப்போ கோர்ட்டுல எனக்குக் குடுத்தது மாசத்துல ரெண்டாவது, நாலாவது ஞாயிறு. பத்துல இருந்து அஞ்சு வரைக்கும். அதுலயும் இன்னிக்கு இவ்ளோ போச்சு.

பாப்பா ஐஸ்க்ரீம் வேணாம்னா. பல் வலியாம். எந்தப் பல்லுன்னு கலாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியல. பத்து வயசு. இப்பல்லாம் என்னை "நீங்க"ன்றா. மரியாதைதான். போன வருஷம் வரைக்கும் "நைனா, நீ வா".

மார்ச்சுல ஒரு தடவை சித்தூர்ல இருந்து பழைய நூறு சிசி வண்டியிலயே போனேன். அறுபது தாண்டினா ஹேண்டில் ஆட்டம். கை மரத்துப்போச்சு. மறுநாள் இடுப்பு புடிச்சு ரெண்டு நாள் படுக்கை. பாப்பாவை ஏத்திக்கினு சந்திரகிரி போறதுக்குள்ள மூணு தடவை நிறுத்தம். "காலு வலிக்குது நைனா."

வேற வண்டி. ஹைவேக்கு ஆகற வண்டி. என்னோட அடுத்த ஞாயிறுக்கு முன்னாடி.

ஏப்ரல் 16, புதன்

ஃபேக்டரியில மாம்பழ சீசனுக்கு முன்னாடி சர்வீஸ். கூழ் எடுக்கற மெஷின் ரெண்டையும் பிரிச்சுப் போட்டாச்சு. பேரிங் ஒண்ணு காலி. நாலு மணிக்கு பர்மிஷன் கேட்டு ஷோரூம்.

160: ஓட்டறவனுக்கு ஜோர். குனிஞ்சே இருக்கணும். பின்சீட்டு தனியா, உயரமா, ஸ்டூல் மாதிரி. வேணாம்.
125: லேசு. லாரி பக்கத்துல போனா தள்ளும்.
350: கனம். நிமிந்து உக்காரலாம். சீட்டு நீளம், அகலம். பின்னாடி சாஞ்சிக்க கம்பி போட்டுத் தராங்க.

எல்லா வண்டியிலயும் முதல்ல பின்னாடிதான் ஏறினேன். சேல்ஸ்மேனுக்குச் சிரிப்பு. "சார், ஓனர் மீரே கதா, நீங்கதானே? பின்னாடி ஏன் உக்கார்றீங்க?"

"பின்னாடி உக்கார்றவங்களுக்குத்தான் வண்டி."

"மேடம் ஹைட் எவ்ளோ சார்?"

மேடம் இல்ல, என் பொண்ணுன்னேன். அவ ஹைட் கேட்டான். சொல்லத் தெரியல.

ஏப்ரல் 19, சனி

மூர்த்தியோட டெஸ்ட் ரைடு. ஃபேக்டரியில பாய்லர் பாக்கறவன், குடிபாலா ஆளு. ஹைவேயில நெறைய ஓட்டினவன். "ஸ்பீடு பாக்காதப்பா. எழுபதுல வெச்சுக்கினு சும்மா போ. கை என்னா சொல்லுது, இடுப்பு என்னா சொல்லுது, அத்தக் கேளு."

350ல பூதலப்பட்டு வரைக்கும். நடுக்கம் இல்ல. லாரி தாண்டும்போது அசையல. மூர்த்தியைப் பின்னாடி உக்கார வெச்சேன். எண்பது கிலோ, அதுவே ஒண்ணும் தெரியல.

இறங்கினதும் கேட்டான். "எம்மாம் பெரிய வண்டி. மாசத்துல ரெண்டு நாளுக்கா?"

"ரெண்டு நாளுக்குத்தான்."

அப்புறம் அவனே டீ வாங்கிக் குடுத்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

என் ஞாயிறு இல்ல. போன் மட்டும். வண்டி என்ன கலர்னு கேட்டேன். "ஏதைனா பர்வாலேது நைனா, எதுன்னாலும் சரி. உங்களுக்குப் புடிச்சது." ஹைட் கேட்டேன். ஸ்கூல்ல அளந்தாங்களாம். நூத்தி முப்பத்தி நாலு.

ஷோரூம்ல கேட்டா இனிமே சொல்லலாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

வண்டி வந்துச்சு. கரும்பச்சை. பின்னாடி ஃபுட்ரெஸ்ட் சின்னக் காலுக்கு எட்டாது. மதியம் சாப்பிடற நேரத்துல ஒர்க்ஷாப்ல ரெண்டு கிளாம்ப் பண்ணி மூணு இஞ்ச் மேல ஏத்தினேன். சின்ன ஹெல்மெட் ஒண்ணு. டிபன் பாக்ஸ்ல இருந்து சட்னி கொட்டி சட்டை பாழ்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அஞ்சரைக்குக் கிளம்பி ஏழு இருபதுக்கு அலிபிரி. மரத்தடியில ரெண்டரை மணி நேரம். மொட்டை போட்ட ஒரு குடும்பம் பக்கத்துல இட்லி துன்னுக்கினு இருந்தாங்க. எனக்கும் ரெண்டு குடுத்தாங்க.

சரியா பத்துக்கு கலா. குனிஞ்சு அந்தக் கிளாம்பைத் தொட்டுப் பார்த்தா. "நீங்களே போட்டதா? நல்லா இருக்கு." இந்த மாதிரி ஒரு வார்த்தை கேட்டு வருஷக்கணக்காச்சு.

பாப்பா ஏறினா. கால் எட்டுச்சு. சந்திரகிரி, அப்படியே பாகாலா பக்கம். ஒரு தடவைகூட வலின்னு சொல்லல. ஹைவேயில பின்னாடி இருந்து என்னமோ பேசிக்கினே வந்தா. காத்துல, ஹெல்மெட்டுக்குள்ள, சரியா கேக்கல. ஸ்கூல்னு காதுல விழுந்துச்சு, மாமான்னு விழுந்துச்சு. "ம், ம்"னேன். அப்புறம் ரெண்டு கையாலயும் கட்டிக்கினு முதுகுல சாஞ்சா. சந்தோஷமா இருந்துச்சு. நிஜமா.

அஞ்சு மணி. கலா கேட்டா, "பாப்பா சொன்னாளா?"

"என்ன?"

"ஹைதராபாத். எனக்கு அங்க வேலை கெடைச்சிருக்கு. எங்க அண்ணன் வீட்டுப் பக்கத்துலயே ஸ்கூல். நான் சொல்றேன்னேன். இல்ல, நானே வண்டியில போறப்போ சொல்றேன்னா. மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாதாம்."

பாப்பா ஹெல்மெட்டைக் கழட்டாம நின்னுக்கினு இருந்தா.

"சொன்னா"ன்னேன்.

மே 2, வெள்ளி

வக்கீல். "ஆட்சேபணை போடலாம். கொஞ்ச நாள் நிறுத்தி வெக்கலாம். ஜட்ஜ் பாப்பாவைக் கூப்பிட்டு யார்கூட இருக்கணும்னு கேப்பாங்க."

முன்னாடி கேஸ்ல ஒரு தடவை கேட்டாங்க. ஏழு வயசு அப்போ. வெளிய வந்து வாந்தி எடுத்தா. என் கர்சீப்லதான் வாய் தொடச்சேன்.

போட வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். வந்தப்புறம் போட்டிருக்கலாமோன்னு. சாப்பிடல.

மே 11, ஞாயிறு

கடைசி. வண்டியில எங்கயும் போகல. பார்க்குலயே உக்காந்தோம்.

"அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கல பாப்பா."

மிரண்டு பார்த்தா. "மறுபடி சொல்லணுமா?"

"வேணாம். அங்க போக உனக்கு இஷ்டமா?"

செருப்பால மண்ணைக் கீறிக்கினே இருந்தா. "தனி ரூம் இருக்குது நைனா." அப்புறம், "நீ அழுவியா?"

"மாட்டேன்."

"பொய்யி."

கலா பேப்பர் கொண்டாந்தா. அடுத்த வருஷத்துல இருந்து பெரிய லீவுல பாதி நாள் என்கிட்ட, ஞாயித்துக்கிழமை போன். கையெழுத்து போட்டேன். பேனா அவளோடது. திருப்பிக் குடுக்க மறந்து அவளே கேட்டு வாங்கினா. பாப்பா ஆட்டோவுக்குள்ள போயி திரும்பிப் பாக்கல. பாக்காம இருந்ததே நல்லது.

மே 25, ஞாயிறு

விடியக்காலம் மழை. ஃபேக்டரி வாசல்ல மாங்கா லாரி வரிசை. நாலாவது ஞாயிறுன்னு எப்பவோ லீவு சொல்லி வெச்சது, மாத்தச் சொல்லத் தோணல.

பத்து மணிக்கு வீடியோ போன். ரூமைக் காட்டினா. கட்டில், ஜன்னல், வெளிய வேப்பமரம். பல் பிடுங்கியாச்சாம், ஓட்டையையும் காட்டினா. மழை பெய்யுதான்னு கேட்டா. பெஞ்சுதுன்னேன்.

"கீழ ஃப்ரெண்டு கூப்புடறா. வெக்கட்டா நைனா?"

"வெய்யி பாப்பா."

பத்து மணி நாலு நிமிஷம். அஞ்சு மணி வரைக்கும் என்ன பண்றது.