உன் வயலில் நான் நட்ட கல்

தம்பி,

பாகம் பிரித்தபோது கிணற்றடி நிலத்தை அழுது வாங்கினாயே, அதை நான் மறக்கவில்லை. அது கிடக்கட்டும்.

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் நீர் தரப்போகிற புதிய நீர்த்தேக்கத்துக்கு எல்லை குறிப்பது என் வேலை. தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டும் கல்லை உன் வயலின் நடுவில் நட்டேன். நான் வேண்டுமென்றே செய்ததாக நீ ஊரெல்லாம் சொன்னாய். நேற்று மறுபடி மட்டம் பார்த்தேன். பிழை இருக்கக்கூடாதே என்று மூன்று முறை பார்த்தேன். பிழை என்னுடையதுதான். உன் வயலுக்குத் தண்ணீர் வராது.

நீ ஊரில் இல்லை. கல்லைப் பிடுங்க ஆட்களோடு போனால், அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். உன் வயலில் களையெடுக்க வரும் சின்னப்பொண்ணு கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், சாமி மேல கை வெக்கிற? ஊருக்குள்ள தண்ணி வராம நிறுத்தற ஆத்தா இவ!"

"நான் நட்ட கல்லும்மா இது."

"நட்டது நீ, வந்தது ஆத்தா. செருப்பக் கழட்டு மொதல்ல!"

கழற்றினேன். என் ஆட்கள் அதற்குள் கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டார்கள்.

அதனால் அந்தக் கல்லை அப்படியே விட்டு, உன் வரப்புக்கு அப்பால் புதுக் கல் நட்டு, வரைபடத்தைத் திருத்திக் கையெழுத்திட்டேன். நீ தைரியமாக நாற்று விடலாம். ஆனால் நடுவில் பாதை விடு. வெள்ளிக்கிழமைதோறும் என் பிழையைக் கும்பிட ஊரே உன் வயலில் இறங்கும்.

வரும் வெள்ளி பொங்கல் வைக்கிறார்களாம், என்னையும் அழைத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்கு வரமாட்டேன். வயலுக்கு வருவேன்.

அண்ணன்